எழுவாய்

வம்மியடித்துறை வாசிகசாலையில்
பிற்பகல் மூன்று மணிக்கு என்று கடிதம் போட்டிருந்தோம்.
நாலேகாலுக்கு மின்விசிறி சுற்றத் தொடங்கியது.
கையெழுத்து வைத்தவர் முப்பத்தெட்டுப் பேர்.
வேறு மூவர் வெளியே சைக்கிளில் சாய்ந்தபடி
காதை மட்டும் உள்ளே அனுப்பியிருந்தார்கள்.
காதுக்கு என் படிவத்தில் நிரல் இல்லை.

நான் சபையின் முகாமைத்துவ உதவியாளர்,
ஊருக்குக் கிளாக்கர்.
பதினேழு வருடமாய் ஒரே மொழியில் எழுதுகிறேன்:
ஆராயப்பட்டது. கவனத்தில் எடுக்கப்பட்டது.
உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.
எழுவாய் இல்லாத மொழி.
அதில் யாரும் எதுவும் செய்வதில்லை;
எல்லாம் தானாக நடக்கும்,
அல்லது நடக்காமல் கிடக்கும்.

இம்முறைப் பாதீட்டில்
வட்டாரத்துக்கு ஒன்பது இலட்சம்,
எதற்கென்று சனங்களே சொல்லலாம் என்றார் தவிசாளர்.
சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கம்.

பள்ளிக்கூடத்தடி வடிகான்.
மயானத்துக்குப் போகிற கிறவல்.
சந்தைக்குக் கூரை.
துறையடியில் விளக்கு.
நாலு பால்மாப் பேணி,
கையெழுத்து வைத்தவருக்கு மும்மூன்று புளியங்கொட்டை.
குலேந்திரனின் சின்ன மகள்
தகப்பனின் கொட்டையில் ஒன்றை வாயில் போட்டாள்.
அது செல்லுபடியற்றதென அறிவிக்கப்பட்டது.

"மாரிக்கு எங்கட வளவு குளம், பாய் மிதக்குது கா"
என்றார் மேகவண்ணம்.
"மயானத்துக்கு என்ன அவசரம்,
போறவன் திரும்பியா வரப்போறான்?"
என்றது பின்னால் ஒரு வாங்கு.
"தூக்கிட்டுப் போறவன் வரணும்தானே, சேத்துக்குள்ளால"
என்றது முன்னால் ஒன்று.
சிரிப்பு பதியப்படவில்லை.

ஜீவரேகா எழும்பினாள்.
ஆடைத்தொழிற்சாலையில் இரண்டாம் முறை வேலை;
கடைசிப் பாதையில் வந்து இறங்குகிறவள்.
பாதை என்றால் எங்களுக்கு நடக்கிறதல்ல,
வாவி கடக்கிற இரும்புத் தட்டு.
நடக்கிறது அது நின்ற பிறகுதான் தொடங்கும்,
இருட்டில், படுத்துக் கிடக்கும் எருமைகளுக்கு நடுவே.
அவள் ஒன்றும் பேசவில்லை.
மூன்றையும் விளக்குப் பேணியில் போட்டாள்.
தகரம் பேசியது.

எண்ணினோம்.
கூரை பதினொன்று, கிறவல் பத்தொன்பது,
விளக்கு நாற்பது,
வடிகான் நாற்பத்து மூன்று.
சைக்கிள்காரர் மூவரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

முடிந்தது என்று பேனையை மூடினேன்.

"மறுகா ஒரு கேள்வி" என்றாள்.
"போன வருசப் பாதீட்டிலயும்
துறையடி விளக்குக்குக் காசு போட்டதாமே.
அது எங்க எரியுது?"

எனக்குத் தெரியும்.
வவுச்சர் இலக்கத்தோடு தெரியும்.
எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு:
கம்பம், சூரியக்கலம், பொருத்துகூலி.
வேலை திருப்திகரமாக நிறைவு செய்யப்பட்டது
என்று எழுதியது இந்தக் கை,
ஊரே மெச்சுகிற இந்த முத்து எழுத்து.

தவிசாளர் உத்தியோகத்தரைப் பார்த்தார்.
உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்.
பழக்கத்தில் கை ஏற்கெனவே எழுதியிருந்தது:
விளக்கு தொடர்பாக வினவப்பட்டது.
யார், யாரை, ஏன்
என்று ஒருவரும் உள்ளே நுழைய முடியாத வாக்கியம்;
நல்ல பூட்டு.

வெட்டினேன்.
கீழே எழுதினேன்:
ஜீவரேகா கேட்டார்.
சபை பதில் சொல்லவில்லை.
பதில் எனக்குத் தெரியும்.

"எழுதினதை வாசியுங்க" என்றார் மேகவண்ணம்,
வடிகான் கிடைத்தவர்; அவர் கேட்கத் தேவையே இல்லை.
வாசித்தேன்.
மூன்றாம் வரியில் தண்ணீர் குடித்தேன்,
மறுபடி அந்த வரியிலிருந்தே வாசித்தேன்.

சைக்கிள்காரர் மூவரும் உள்ளே வந்தார்கள்.
பெயர் பதியவேணும், பேனை தாங்க என்றார்கள்.
கொடுத்தேன்.
அது திரும்பி வரும்வரை
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மேசைமேல் வைத்திருந்தேன்,
எல்லோரும் பார்க்கிற இடத்தில்.